கன்ட்ரோலரைக் கழற்றும் முன் வயரைப் பாருங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "டெம்பரேச்சர் தப்பாகக் காட்டுகிறது" என்று எங்களிடம் வரும் கன்ட்ரோலர்களில் பலவற்றில் ஒரு பழுதும் இருப்பதில்லை. சோதித்துவிட்டு அப்படியே திருப்பி அனுப்புகிறோம். கூரியர் செலவும் மெஷின் நின்ற நஷ்டமும் உங்களுக்குத்தான்.

போன மாதம் ஒரு மோல்டிங் பட்டறைக்குப் போயிருந்தோம். காலையில் ரீடிங் சரியாக இருக்கும், மதியத்துக்குள் 25 டிகிரி குறைத்துக் காட்டும். கன்ட்ரோலர் ஹீட்டரைக் கூடுதலாக ஓட்ட, பேரலில் (பிளாஸ்டிக்கை உருக்கும் குழாயில்) பிளாஸ்டிக் கருகும். தெர்மோகப்பிளை (சூட்டை அளக்கும் சென்சாரை) மாற்றினார்கள், கன்ட்ரோலரையும் மாற்றினார்கள். கேபிள் டிரேயைத் திறந்தால், சென்சார் தலையிலிருந்து (சென்சாரோடு வயர் இணையும் இடத்திலிருந்து) பேனல் வரை சாதாரண செம்பு வயர்!

தெர்மோகப்பிள் தருவது இரு முனைகளின் வெப்ப வித்தியாசத்துக்கான வோல்டேஜ் மட்டும். கே டைப் என்ற தெர்மோகப்பிள் வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். கன்ட்ரோலர் தன் டெர்மினல் சூட்டை அளந்து அதோடு கூட்டிக்கொள்ளும். செம்பு போட்டால் கணக்கு சென்சார் தலையிலேயே முடிந்துவிடும். தலை 60, பேனல் 35 என்றால் நடுவிலுள்ள 25 டிகிரி காணாமல் போகும். காலையில் இரண்டும் ஒரே சூட்டில் இருப்பதால் தெரியாது.

செம்புக்குப் பதில் போட வேண்டிய, தெர்மோகப்பிளுக்கு ஏற்ற காம்பன்சேட்டிங் கேபிளே போட்டு, பிளஸ் மைனஸை இரு முனையிலும் மாற்றிக் கட்டியிருந்தால் இதே தவறு இரட்டிப்பாகும். கே டைப்புக்கு அமெரிக்க வண்ணமுறையில் மஞ்சள் பிளஸ், சிவப்பு மைனஸ். சிவப்பைப் பார்த்ததும் பிளஸ்ஸில் போடும் எலக்ட்ரீஷியனைக் குறை சொல்ல முடியாது. ஐ.இ.சி. என்ற சர்வதேச முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். சந்தேகமா? கே டைப் தெர்மோகப்பிளின் மைனஸ் கம்பியைக் காந்தம் இழுக்கும்.

அப்புறம் ஒரு சோதனை. முதலில் ஹீட்டர் பிரேக்கரை அணையுங்கள். இல்லாவிட்டால் பேரல் ஆறிவிட்டதென்று கன்ட்ரோலர் முழுச் சூட்டையும் ஏற்றிவிடும். தெர்மோகப்பிள் வயரைக் கழற்றி, இன்புட் டெர்மினல் இரண்டையும் சின்ன செம்புக் கம்பியால் இணையுங்கள். கன்ட்ரோலர் பேனலின் சூட்டைக் காட்டினால் கோளாறு பெரும்பாலும் வெளியேதான். டைப் செட்டிங் தவறு மட்டும் இதில் அகப்படாது: கே சென்சாருக்கு ஜே என்ற வேறு டைப்பை வைத்திருந்தால் 400 டிகிரி ஏறக்குறைய 300 ஆகத் தெரியும்.

இதற்கும் பிடிபடாவிட்டால் கன்ட்ரோலரை அனுப்புங்கள். கூடவே, தவறு எந்த நேரத்தில் வருகிறது என்று ஒரு சீட்டில் எழுதி, கேபிளின் இரு முனைகளையும் வண்ணம் தெரியப் படமெடுத்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சர்வீஸ் பிரிவு