இன்ஹேலர் போதைப் பொருளல்ல

ஆசிரியருக்கு,

ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் பிடித்தால் அதற்கே அடிமையாகிவிடுவோம் என்று தங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரை ஒன்று பயமுறுத்தியிருந்தது. ராஜபாளையத்தில் மருந்துக் கடை வைத்திருக்கும் நான் அதன் பலனை அன்று மாலையே பார்த்தேன். டாக்டர் எழுதிய இரண்டு இன்ஹேலர்களில் ஸ்டீராய்டு உள்ளதை வேண்டாமென்று தள்ளிவிட்டு, மூச்சிரைப்பை உடனே தணிக்கும் சால்பியூட்டமாலை மட்டும் வாங்கிப் போனார் ஒரு பஞ்சாலைத் தொழிலாளி. செய்யவேண்டியதற்கு நேர் தலைகீழ்!

சால்பியூட்டமாலை ஓயாமல் அடித்தால் முன்போல் கேட்காது என்பது உண்மைதான். ஆனால் அதில் பாஸ்பேட் என்னும் சிறு வேதித் தொகுதிக்குப் பங்குண்டு, போதைக்கு இல்லை. மூச்சுக்குழாய்த் தசைச் செல்களின் மேற்பரப்பில் பீட்டா-2 என்னும் ஏற்பி இருக்கிறது. செல் சவ்வை ஏழு முறை ஊடுருவி நிற்கும் புரதம். மருந்து அதில் வெளிப்புறமாக ஒட்டியதும் உள்ளே செய்தி போய்த் தசை தளர்கிறது. தூண்டுதல் ஓயாவிட்டால், செல்லுக்குள் இருக்கும் நொதி ஒன்று ஏற்பியின் வால் பகுதியிலுள்ள செரின், திரியோனின் அமினோ அமிலங்களில் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். உடனே அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டிக்கொள்ள, செய்தி அறுபடுகிறது. ஏற்பியும் உள்ளே இழுக்கப்படுகிறது. பாஸ்பேட் கழன்றால் மீண்டும் மேலே வரும். நெடுநேரத் தூண்டுதலில் ‘இதைச் சிதை’ என்று குறியிடும் யுபிகுவிட்டின் புரதம் ஒட்டிய ஏற்பிகளோ சிதைந்தே போகும். இந்த ஏற்பிக் குடும்பத்தை ஆராய்ந்ததற்குத்தான் அமெரிக்க விஞ்ஞானிகள் லெஃப்கோவிட்சும் கோபில்காவும் 2012இல் வேதியியல் நோபல் பெற்றார்கள். எங்கள் டி.பார்ம் வகுப்பில் ‘டாலரன்ஸ்’ (மருந்து பழகிப்போதல்) என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள்.

கட்டுரையாளர் கரித்துக்கொட்டிய ஸ்டீராய்டு, ஆஸ்துமாவின் வேரான மூச்சுக்குழாய் அழற்சியை அடக்குகிறது. அதோடு பீட்டா-2 ஏற்பிகளைப் புதிதாக உருவாக்கவும் செல்லைத் தூண்டுகிறது. சால்பியூட்டமால் மட்டும் போதும் என்ற சிகிச்சையை, ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டு அமைப்பான ‘ஜினா’ 2019இலேயே கைவிட்டது. 200 முறை அடிக்கும் சால்பியூட்டமால் பம்பு ஆண்டுக்கு மூன்றோ அதற்கு மேலோ தேவைப்படுவோருக்குக் கடும் மூச்சுத்திணறல் வரும் வாய்ப்பு அதிகம். 12ஐத் தொட்டால் உயிருக்கே ஆபத்து கூடுகிறது என்கிறது அதே அமைப்பு. மாதம் தவறாமல் ஒன்று வாங்குகிறவர்கள் என் கடைக்கே வருகிறார்கள்.

திருத்தம் வெளியிடும்போது, ஸ்டீராய்டு இன்ஹேலர் பிடித்ததும் வாய் கொப்பளித்துத் துப்பவேண்டும் என்பதையும் தயவுசெய்து சேருங்கள். வாயில் வெள்ளை படிவதைக் கண்டு மிரண்டே பலர் அதை நிறுத்திவிடுகிறார்கள்.

— ஒரு மருந்தாளுநர்,
ராஜபாளையம்