நகையைத் திருப்பிப் பாருங்கள்: பினாங்கு கைவினைச் சந்தை ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களே, தேர்வுக்குழுவினரே,

வணக்கம். கைவினை நகைக்கான விண்ணப்ப பாரங்களில் ‘நகையின் பாரம்பரியம்’ என்றொரு கட்டம் வருகிறது: மலாய், சீனம், இந்தியம், இதரம். ஒன்றில்தான் குறியிடலாம். ஜார்ஜ் டவுன் பட்டறைகளில் இன்று உருவாகும் நகைகள் பல இதில் அடங்குவதில்லை. அடங்காதது ‘இதரம்’ மூலைக்குப் போகிறது. இல்லையேல் செய்தவரின் பெயரைப் பார்த்து நீங்களே ‘இந்தியம்’ என்று போட்டுவிடுகிறீர்கள். அந்தக் கட்டத்தை எடுத்துவிடுங்கள் என்று கேட்கவே இம்மடல்.

கெரோங்சாங்கையே பாருங்கள். நியோன்யா பெண்கள், அதாவது மலாய் வழக்கங்களோடு கலந்த பெரானாகான் சீனக் குடும்பத்துப் பெண்கள், மேலாடையின் முன்பக்கத்தைப் பூட்டும் மூன்று ஊசி நகைகள் அவை. அந்தக் குடும்பங்களுக்கு அவற்றைச் செய்து கொடுத்தவர்களில் சீனர், இந்தியர், இலங்கையர் எல்லாரும் உண்டு. அவற்றைக் குத்தும் கெபாயா மேலாடை 2024இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது விண்ணப்பித்தவை மலேசியா, இந்தோனேசியா, சிங்கப்பூர், புருணை, தாய்லாந்து என ஐந்து நாடுகள். இதற்கு எந்தக் கட்டத்தில் குறியிடுவது?

கட்டம் போனால் எதை வைத்துத் தேர்வு செய்வது என்பீர்கள். வேலையை வைத்துத்தான். ஓம் பதக்கத்தின் மேல் மலேசியாவின் தேசியப் பூவான செம்பருத்தியைப் பசையால் ஒட்டிவிட்டால் பல பண்பாடு வந்துவிடாது. (ஒட்டியதும் நம்மூர் வியர்வையில் அதிக நாள் நிற்காது.)

பேராக் மண்ணின் வெள்ளீயத்தையும் 925 வெள்ளியையும் ஒரே நகையில் சேர்ப்பது இங்கே எவருக்கும் தோன்றும் யோசனை. ஆனால் நெருப்பில் அது நாசம். வெள்ளீயம் 232 பாகை செல்சியஸில் உருகிவிடும். பட்டறையில் வழக்கமான வெள்ளிப் பற்றாசு (துண்டுகளை இணைக்க உருக்கும் கலவை) ஓட ஏறக்குறைய 700 பாகை வேண்டும். வெள்ளியில் ஒட்டிய சிறு வெள்ளீயத்தூளே போதும், சூடேறும்போது உள்ளே கரைந்து குழி குழியாக அரித்துவிடும். அதனால் இரண்டுக்கும் தனித்தனி அரம் வேண்டும். வெள்ளியின் நெருப்பு வேலை முழுவதும் முடிந்த பிறகே ரிவெட் ஆணியால் இணைக்க வேண்டும். கம்பி 1 மில்லிமீட்டர் என்றால் துளையும் அதே அளவு. இருபுறமும் கம்பித் தடிமனில் பாதி நீட்டிக்கொண்டிருக்க, மெல்லத் தலை தட்ட வேண்டும். வெள்ளீயம் மென்மையானது, ஆணித்தலை அதற்குள் புதைந்துவிடும். அந்தப் பக்கம் ஒரு வெள்ளி வாஷர் கட்டாயம். இப்படிச் செய்த நகையைப் பின்பக்கம் திருப்பினால், செய்தவருக்கு இரண்டு உலோகமும் தெரியுமா என்பது ஒரு நொடியில் விளங்கும்.

விதைகளிலும் கவனம் வேண்டும். சாகா மரத்தின் சிவப்பு விதையான மஞ்சாடியைத் தட்டார்கள் எடைக்கு வைத்திருந்தார்கள். நகையில் கோக்க அருமையானது. கறுப்புப் பொட்டுள்ள குன்றிமணி வேறு. அதில் துளையிட்டால் அப்ரின் என்னும் கொடிய நஞ்சு தூளோடு வெளியே வரும். குழந்தைகள் வரும் சந்தையில் துளையிட்ட குன்றிமணிக்கு இடமே தரக்கூடாது.

கெரோங்சாங் வடிவத்தைப் புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் தோற்பது ஊசியில். பற்றவைத்த சூட்டில் வெள்ளி ஊசி இளகிவிடும். குறடால் பிடித்து முறுக்கி விறைப்பேற்றாவிட்டால் துணியில் குத்தும்போதே வளையும். எஃகு ஊசி மேல், ஆனால் அதையும் சூடாக்கினால் விறைப்பு போய்விடும் என்பதால் கீலில் ரிவெட் அடிப்பதே சரி. ஊசி நகையின் நடுக்கோட்டுக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். கீழே வைத்தால் நகை முன்பக்கம் தலை கவிழும், மெல்லிய கெபாயாத் துணியும் கிழியும்.

ஆகவே பாரத்தில் கேளுங்கள்: என்ன உலோகம், என்ன தரம், எப்படி இணைத்தது, எத்தனை கிராம், வார்ப்பும் மெருகும் யார் கைவேலை, பின்பக்கப் படம் எங்கே. ‘ஜெர்மன் சில்வர்’ செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை. அதில் வெள்ளியே கிடையாது. அதை ‘வெள்ளி’ என்று சீட்டு ஒட்டி விற்க விடாதீர்கள், நிக்கல் ஒவ்வாதவர்களுக்குத் தோல் தடித்து அரிக்கும்.

வடிவத்தை எங்கிருந்து எடுத்தார், ஏன் எடுத்தார் என்பதற்கு நான்கு வரி இடம் விடுங்கள், செய்தவரே எழுதட்டும். அடுத்த பாரம் அச்சுக்குப் போகுமுன் பட்டறையில் உட்காரும் ஒருவரிடமாவது காட்டிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஜார்ஜ் டவுன் வெள்ளிப் பட்டறைக்காரர்கள் சிலர்