லித்கோ ரைபிள் வாங்கியிருக்கும் மகனுக்கு

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமறிய ஆவல். ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிட்டால் மணி அடித்து அடித்து நின்றுவிடுவதால், அந்தக் காலத்து வழக்கப்படி கடிதமாகவே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நீ அனுப்பிய ரைபிள் படம் கிடைத்தது. அதனுடன் ஒரு வரியும் நீ எழுதவில்லை. ஆகவே படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து, எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் போல்ட்டின் கைப்பிடிக்குக் கீழே, கட்டை தொடங்கும் இடத்து இரும்பில் லித்கோ என்ற பெயரும், 1942 என்ற ஆண்டும் தெரிகின்றன. சிட்னிக்கு மேற்கே மலையைத் தாண்டி இருக்கும் அந்த லித்கோ ஆலை 1912இல் திறக்கப்பட்டது. கட்டைக்கு இங்கிலாந்தின் வால்நட் மரத்தை எதிர்பார்க்காமல் தங்கள் நாட்டு மரங்களிலேயே செய்தார்கள். பித்தளைத் தகடு போட்ட பின்கட்டை, பத்துத் தோட்டா மேகசின், ஏறக்குறைய நான்கு கிலோ எடை. நம் ஊர்க் காவல்நிலையங்களில் எத்தனையோ காலம் சுவரோரம் சாய்ந்திருந்த அதே 303 ரைபிள்தான். உத்தரப் பிரதேசப் போலீஸார் 2020 குடியரசு தினத்தில்தான் அதற்கு விடை கொடுத்தார்கள். பார்க்க அழகான சாமான் என்பதை நான் மறுக்கவில்லை. பள்ளிக்கூடத்து என்.சி.சி.யில் நீ பாயின்ட் டூ டூ ரைபிளில் சுட்ட குரூப்பிங் தாளை அம்மா இன்னும் பீரோவில் வைத்திருக்கிறாள். ஐந்து ஓட்டைகளையும் ஒரு ரூபாய்க் காசால் மூடிவிடலாம் என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவாள். ஆனால் அது என்.சி.சி. வாத்தியார் பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்திருக்க, பகல் வெளிச்சத்தில் சுட்டது. எண்பது வருடத்துப் பட்டாளத்து ரைபிளைத் தனி ஆளாக வீட்டில் வைத்திருப்பது வேறு விஷயம்.

முதலில் எண்களைப் பார். போல்ட் கைப்பிடியின் பின்புறம் ஓர் எண்ணும், தோட்டா உட்காரும் அறைக்கு மேலே பாடியில் ஓர் எண்ணும் வெட்டியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பட்டாளம் கழித்துப்போட்ட ரைபிள்களில் ஒன்றின் போல்ட்டை இன்னொன்றில் மாட்டி விற்பது உண்டு. அப்படி மாறியிருந்தால் தோட்டாவின் பின்னால் இருக்க வேண்டிய இடைவெளி கூடிவிடலாம். சுடும்போது பித்தளைக் கூடு அடிப்பக்கம் அறுந்து, வாயு முகத்தை நோக்கி வரும். அளவுக் கருவி வைத்திருக்கும் துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டிவிட்டுத்தான் முதல் தோட்டாவை ஏற்ற வேண்டும். இதையெல்லாம் நீ முன்பே செய்திருப்பாய். சைக்கிள் வாங்கியபோதே பால்பேரிங்கை எண்ணிப் பார்த்தவன் நீ. செய்துவிட்டாய் என்று ஒரு வார்த்தை எழுதினால் போதும்.

பழைய பட்டாளத்துத் தோட்டா மலிவாகக் கிடைக்கிறது என்று பெட்டிக்கணக்கில் வாங்கிவிடாதே. தோட்டாவின் மருந்தைப் பற்றி என்னைவிட வேறு யார் உனக்குச் சொல்ல முடியும்? அருவங்காட்டில் 1903இல் நம் ஃபேக்டரி தொடங்கியது கார்டைட் என்ற இந்தத் தோட்டா மருந்துக்காகத்தான். நைட்ரோகிளிசரினையும் துப்பாக்கிப் பஞ்சையும் அசிட்டோன் விட்டுப் பிசைந்து, கொஞ்சம் வாசலினும் சேர்த்து, அச்சில் பிழிந்தால் பழுப்பு நிறச் சேமியா போல நீள இழைகளாக இறங்கும். 303 தோட்டாவில் அந்த இழைகளைக் கட்டாக உள்ளே செருகிய பிறகுதான் கூட்டின் கழுத்தையே ஒடுக்குவார்கள். லீவு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நைட்ரோகிளிசரின் பக்கம் போனவர்களுக்கு மண்டை பிளக்கும். நான் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த நாட்கள் உனக்கு ஞாபகம் இருக்கும். கேட்டில் தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் தடவிப் பார்த்து வாங்கிக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். எங்களில் யாரையும் நம்பாமல் செய்ததல்ல அது. எவ்வளவு நல்ல மனிதனுக்கும் ஒரு கெட்ட நாள் வரும் என்பதற்காக வைத்த ஏற்பாடு.

பல வருடம் கண்ட இடத்தில் கிடந்த தோட்டாவில் மருந்தும் கெடும், அதற்குத் தீ மூட்டும் கேப்பும் மந்தமாகும். விசையை அழுத்தி வெடிக்கவில்லை என்றால் உடனே போல்ட்டைத் திறக்காதே; குழாயை இலக்கை நோக்கியபடியே வைத்துக்கொண்டு ஒரு நிமிடமாவது பொறு. தாமதித்து வெடிப்பது உண்டு. மேகசினில் ஏற்றும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்கு முன்னால் நிற்க வேண்டும்; பின்னால் போனால் சிக்கும், சிக்கினால் கோபம் வரும். கோபத்தோடு யாரும் ரைபிளைக் கையில் வைத்திருக்கக் கூடாது.

பழைய கேப்பில் குளோரேட் இருக்கும். வெடித்த பிறகு அது ஒருவகை உப்பாகக் குழாய்க்குள் தங்கிக் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஆடி மாதத்தில் நம் பீரோவிலிருக்கும் தோல் செருப்பே பூத்துப்போகிறதே, கடலோரத்தில் இரும்பு தாங்குமா? எண்ணெய் இந்த உப்பைக் கரைக்காது. கொதிக்கிற வெந்நீரைப் பின்பக்கத்திலிருந்து குழாய்க்குள் ஊற்று. சூட்டிலேயே ஈரம் காய்ந்துவிடும். பிறகு புல்த்ரூ கயிற்றில் ஃபிளானல் துணியைக் கோத்து இழுத்து, கடைசியில் எண்ணெய் காட்டு. சுட்ட அன்றே செய்ய வேண்டும். மறுநாளைக்குத் தள்ளாதே. சுத்தம் செய்து முடித்ததும் போல்ட்டைத் திரும்ப மாட்டாதே, தனியாக வை.

போல்ட்டைக் கழற்றுவது சிரமமே இல்லை. பின்னுக்கு முழுவதும் இழுத்து, அதன் தலையை விரலால் மேலே நெம்பினால் பிடியிலிருந்து விடுபட்டுக் கையோடு வந்துவிடும். குன்னூர்ப் பக்கத்து வெலிங்டனில் பட்டாளத்துத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஆர்மரராக இருந்து ஓய்வுபெற்ற மேல்வீட்டுப் பெரியவரிடம் கேட்டேன். போல்ட் இல்லாத ரைபிள் வெறும் ஊன்றுகோல் என்றார். உங்கள் ஆஸ்திரேலியாவில் 1996க்குப் பிறகு சட்டம் இறுக்கமானது என்றும், துப்பாக்கி ஒரு பூட்டிலும் தோட்டா இன்னொரு பூட்டிலும் இருக்க வேண்டும் என்றும் படித்தேன். சட்டம் அவ்வளவு சொல்கிறது. நான் அதற்கும் மேலே கேட்கிறேன். கிளப்பில் பூட்டி வைக்க இடம் இருந்தால் ரைபிள் அங்கேயே இருக்கட்டும். இல்லையென்றால் உன்னோடு சுடப் போகும் லைசன்ஸ் உள்ள நண்பர் யாராவது, சட்டம் இடம் கொடுத்தால், போல்ட்டை வைத்துக்கொள்ளட்டும். தோட்டாவை அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கு. மிஞ்சியதை வீட்டுக்குக் கொண்டுவராதே. என்னை உனக்கு நம்பிக்கையில்லையா என்று கேட்பாய். கேள், பரவாயில்லை, ஆனால் போனை எடுத்துக் கேள்.

தாத்தாவின் ஒற்றைக்குழல் உனக்கு நினைவிருக்காது. உருளைக்கிழங்குக் காட்டில் பன்றி இறங்குகிறது என்று பயிர்ப் பாதுகாப்பு லைசன்ஸில் வாங்கியது. ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்து ரசீது வாங்கி, முடிந்ததும் திரும்ப எடுத்துவருவார். உன் சித்தப்பா விஷயத்துக்குப் பிறகு அவர் அதைத் திரும்ப வாங்கப் போகவில்லை. பன்றிகள் காட்டைத் தின்றுவிட்டுப் போயின, அவர் போகவில்லை. அந்த மழைக்காலம் முழுவதும் சித்தப்பாவும் யாரிடமும் அதிகம் பேசவில்லை என்று பாட்டி சொல்லிக்கொண்டே இருப்பார். அதற்குமேல் உனக்கு நான் எழுத வேண்டியதில்லை.

படத்தில் நான் எண்ணையும் முத்திரையையும் பார்த்தேன். அம்மா பார்த்தது வேறு. பகல் வெளிச்சம் திரை ஓரத்தில் கசிந்தும் ஜன்னல் மூடியே இருந்ததையும், மேஜையில் சாப்பிட்ட தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்ததையும் காட்டினாள். மருமகளைப் பற்றி நாங்கள் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவள் அம்மா வீட்டிலிருந்து பொங்கலுக்கு எங்களுக்குப் பேசினாள், மரியாதையாகத்தான் பேசினாள். யார்மேல் தப்பு என்று பார்க்க இங்கே யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

அம்மாவுக்கு விசாவுக்கு விண்ணப்பித்துவிட்டேன். குன்னூரில் டிராவல்ஸ்காரரிடம் கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூர் வழியாக டிக்கெட் பார்க்கவும் சொல்லியிருக்கிறேன். இப்போது வேண்டாம், வேலை அதிகம் என்று எழுதாதே. நீ வேலைக்குப் போனால் அவள் வீட்டில் இருந்துகொள்வாள். அவள் வருவதற்குள் ரைபிளை கிளப்புக்குக் கொண்டுபோய்விடு, அவளுக்கு அதைக் கண்டால் ஆகாது. அதை உடனே, இந்த வாரமே செய்தால் இன்னும் நல்லது. புதன்கிழமை உங்கள் நேரம் இரவு எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். பேச விருப்பமில்லை என்றாலும் எடு. நான் ரைபிளைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

இப்படிக்கு,
உன் அப்பா