பார்த்த இடத்தைப் பார்த்தபடி எழுத விடுங்கள்: ஆய்வுக்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆராய்ச்சிப் பிரிவு இயக்குநர் அவர்களுக்கும், எங்கள் துறையின் ஆய்வுக்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

சென்ற கூட்டத்தில் என் ஆண்டு முன்னேற்ற அறிக்கையைத் திருப்பித் தந்தீர்கள். அதில் இரண்டு குறிப்புகள் இருந்தன. ‘இணையதள முகவரிகளை நீக்கி அச்சு நூல் விவரம் தருக’ என்பது ஒன்று. ‘இலக்கு போதாது’ என்பது இன்னொன்று. விளக்கம் சொல்ல வாய் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள். சொல்ல நினைத்ததை இங்கே எழுதுகிறேன். இதே குறிப்புகளோடு வெளியே வந்தவர்கள் வேறு துறைகளிலும் இருக்கிறார்கள். அதனால்தான் இது திறந்த மடல்.

என் ஆய்வு ஈழத்துச் சிற்றிதழ்கள் பற்றியது. தலைப்புக்கு ஒப்புதல் தந்ததே தாங்கள்தான். 1966இல் டொமினிக் ஜீவா யாழ்ப்பாணத்தில் தொடங்கிய ‘மல்லிகை’யின் பழைய இதழ் ஒன்றைக்கூட நான் கையில் எடுத்துப் பார்த்ததில்லை. ஈழத்து நூல்களையும் இதழ்களையும் சேமிக்கும் ‘நூலகம்’ என்ற இணையதளத்தில் ஸ்கேன் செய்து வைத்திருக்கும் பிரதிகளைத்தான் படித்தேன். ஆகவே துணைநூற்பட்டியலில் அப்படியே எழுதினேன்: இதழ், மாதம், ஆண்டு, பக்கம், நூலகம் தளத்தில் அதன் எண், நான் பார்த்த நாள். சிவப்பு மையில் அடிபட்டவை கடைசி இரண்டும். இதழ் விவரம் இருந்தால் போதும், தளத்தின் பெயரைப் போட்டால் ஆய்வேட்டுக்குக் கனம் இருக்காது என்று உறுப்பினர் ஒருவர் அறிவுரையும் சொன்னார்.

அந்த இரண்டையும் எடுத்துவிட்டால், நான் ஏதோ யாழ்ப்பாணம் போய், வாசகசாலை வாசகசாலையாக ஏறி இறங்கி, கட்டுக்கட்டாக இதழ்களைப் புரட்டியது போல ஒரு தோற்றம் வரும். அந்தப் பெருமை எனக்கு வேண்டாம். அந்த வேலையைச் செய்தவர்கள் வேறு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. அப்புறம் போர், இடப்பெயர்வு. இத்தனைக்கும் பிறகு யார் யார் வீட்டிலோ மிஞ்சிக் கிடந்தவற்றையெல்லாம் தேடி வாங்கி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து, 2005 முதல் இணையத்தில் ஏற்றி வருகிறார்கள் நூலகம் திட்டத்தினர். பெரும்பாலும் தன்னார்வ உழைப்பு. என் ஆய்வேடு கனமாகத் தெரிய வேண்டும் என்பதற்காக அவர்கள் பெயரை நான் எடுக்க வேண்டுமாம்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது. நான் ஓர் இயலில் விரிவாகப் பேசும் சிறுகதை ஒன்றுக்கு, கிடைத்த பிரதியில் கடைசிப் பக்கம் இல்லை. ‘பயன்படுத்திய மின்பிரதியில் இறுதிப் பக்கம் இல்லை; கிடைத்த பகுதியை மட்டும் வைத்தே இந்த வாசிப்பு’ என்று அடிக்குறிப்பு போட்டிருந்தேன். முகவரியோடு சேர்த்து அதையும் அடித்துவிட்டீர்கள். இப்போது என் ஆய்வேட்டின்படி நான் முழு இதழையும் படித்தவர். நாளை வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர், “சரி, அந்தக் கதை எப்படி முடிகிறது?” என்று கேட்டால் என்ன சொல்வது? குழு அடித்த பக்கத்தை எடுத்துக் காட்டட்டுமா? அந்த அடிக்குறிப்பு என் ஆய்வின் எல்லை எது என்று சொன்னது. என் ஆய்வேட்டிலேயே நேர்மையான வரி அதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பக்க எண் கிடைக்காதே என்பது கூட்டத்தில் வந்த கேள்வி. நியாயமான கேள்விதான். ஸ்கேன் பிரதியில் அச்சுப் பக்கமே தெரியும் என்பதால் அங்கே அந்தச் சிக்கல் இல்லை. சங்கப் பாடல் என்றால் பாடல் எண்ணும் அடி எண்ணும் போதும், எந்தப் பதிப்பிலும் தேடி எடுத்துவிடலாம். வெறும் இணையப் பக்கம் என்றால் தலைப்பு, எழுதியவர், பார்த்த நாள் இவற்றோடு, இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் உள்ள பிரதியின் முகவரியையும் தரலாம். தளமே நாளை மறைந்தாலும் சேமித்த பக்கத்தைத் தேர்வாளர் திறந்து பார்க்கலாம். நம் நூலகத்தில் காணாமல் போன புத்தகங்களுக்கு அப்படி ஒரு வசதி இல்லை.

விக்கிப்பீடியாவை மட்டும் நம்பி வாதம் கட்டாதே என்றால் கேட்டுக்கொள்கிறேன். கருத்துக்கு ஆதாரம் தேடுவது வேறு, மூல நூலை எந்தப் பிரதியில் பார்த்தோம் என்று சொல்வது வேறு. குழுவின் சிவப்பு மை இரண்டையும் ஒன்றாக்கிவிட்டது.

தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்கி இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். 1998 பொங்கலுக்குத் தொடங்கியது. ஒவ்வொரு மின்னூலின் தலைப்பிலும், தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் என்று உழைத்தவர்களுக்கு நன்றி இருக்கும். இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், பிறருக்கும் தரலாம், இந்த முகப்புப் பக்கத்தை மட்டும் நீக்காதீர்கள் என்பார்கள். கேட்பது அவ்வளவுதான். அங்கிருந்து பாடல்களை வெட்டி ஒட்டிவிட்டு, கீழே ஏதாவதொரு பதிப்பகத்தின் பெயரைப் போடும் வழக்கம் எங்கள் டிடிபி கடைக்காரருக்குக்கூடத் தெரியும். மின்னுரையில் விழுந்த தட்டச்சுப் பிழை, அச்சுப் பதிப்பின் பக்க எண்ணோடு ஓர் ஆய்வேட்டில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பதிப்பைப் பிரித்துப் பார்த்தால் அந்தப் பிழை அங்கே இல்லை!

உ.வே.சா. தம் பதிப்புகளின் முகவுரையில், எந்தெந்த ஊர் ஏடு, யார் கொடுத்தது என்று வரிசையாக எழுதினார். அதனால் அந்தப் பதிப்புகளுக்குக் கனம் குறைந்துவிட்டதாக யாரும் சொன்னதில்லை. துறையில் அவர் படத்துக்கு ஆண்டுதோறும் மாலை போடுகிறோம், அவர் செய்ததைச் செய்தால் அடித்துத் திருத்துகிறோம்.

ஒப்புமை சோதிக்கும் மென்பொருளின் கதை தனி. பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி ஒப்புமை 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. அதைத் தாண்டி 40 வரை போனால் திருத்தி மீண்டும் தர வேண்டும். முறையாகப் பெயர் சொல்லி எடுத்தாண்ட மேற்கோள்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. நடப்பதோ வேறு. மேற்கோள்களை விலக்காமலே சோதனையை ஓட்டி, வந்த எண்ணைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். இணையத்தில் இருக்கும் பாடலை இணையத்திலிருந்து எடுத்தேன் என்று சொன்னவர் சிவப்பாகிறார். எங்கும் ஏற்றப்படாத பழைய அச்சு நூலிலிருந்து பக்கம் பக்கமாகப் பெயர் சொல்லாமல் தட்டச்சு செய்தவர் பச்சையாக வெளியே வருகிறார். போதாததற்கு, சாட்ஜிபிடி இல்லாத நூல்களையெல்லாம் ஆதாரமாகக் காட்டும், எச்சரிக்கை என்று துறைப் பலகையில் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறீர்கள். ரொம்பச் சரி. பார்க்காத நூலை அந்த இயந்திரம் சொன்னால் மோசடி, ஆய்வாளர் சொன்னால் திருத்தமா?

முடிந்த ஆய்வேட்டைத் தாங்களே, இந்திய ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவில் ஏற்றப் போகிறீர்கள். அங்கே அதைப் படித்து மேற்கோள் காட்டும் அடுத்த ஆய்வாளரும் என் ஆய்வேட்டின் தட்டச்சுப் பிரதியை அலமாரியில் பார்த்ததாகத்தான் எழுத வேண்டுமா?

இனி இரண்டாவது குறிப்பு, அதாவது இலக்கு. இந்த ஆண்டுக்கு நான் எழுதித் தந்தது இதுதான்: ஓர் இயலை முடிப்பது. ஆய்வேட்டில் வரும் ஒவ்வொரு இணைய ஆதாரத்துக்கும் அது எந்தப் பதிப்பிலிருந்து வந்தது, யார் ஏற்றியது, எந்தப் பக்கங்கள் இல்லை என்று ஒரு பதிவேடு தயாரிப்பது. செத்துப்போன இணைப்புகளுக்கு மாற்றுப் பிரதி தேடுவது. சொன்னால் சின்ன வேலையாகத் தெரியும். ஒரே இதழ் இரண்டு தளங்களில் இரண்டு விதமாகத் தேதியிடப்பட்டிருந்தால் ஒரு மாலை முழுக்க அதிலேயே போய்விடும். படிவத்தில் இதற்குக் கட்டம் இல்லை. கட்டுரை, கருத்தரங்கம், பயிலரங்கம், சான்றிதழ் என்று நான்கு கட்டங்கள்தான். அவை காலியாக இருந்ததால் ‘போதாது’ என்று எழுதிவிட்டீர்கள்.

ஆய்வேட்டைத் தருவதற்கு முன் ஒரு கட்டுரை, இரண்டு கருத்தரங்குகள் என்று 2016 விதிமுறை கேட்டது. 2022இல் வந்த யுஜிசி விதிமுறை அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டது. ஏற்கத்தக்க ஆய்விதழ்கள் இவை என்று யுஜிசி வைத்திருந்த கேர் பட்டியலே 2025இல் கைவிடப்பட்டது. எங்கள் படிவம் மட்டும் இன்னும் 2016இல் இருக்கிறது. அந்தக் கட்டங்களை நிரப்பத்தான் வாட்சப்பில் ‘ஒரே வாரத்தில் பிரசுரம், ஐஎஸ்பிஎன் உண்டு, சான்றிதழ் உடனே’ என்று செய்திகள் வந்து விழுகின்றன. உதவித்தொகை இல்லாதவர்களும் கடன் வாங்கிக் கட்டுகிறார்கள். கருத்தரங்கில் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே சான்றிதழ் தந்துவிடுவதால் பிற்பகல் அமர்வில் கட்டுரை படிப்பவர் காலி நாற்காலிகளைப் பார்த்துப் படிக்கிறார். இவையெல்லாம் இலக்கில் சேரும். ஓர் இதழின் சரியான மாதத்தைக் கண்டுபிடித்தால் சேராது.

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. பார்த்த இடத்தைப் பார்த்தபடி எழுத எங்களை அனுமதியுங்கள். மின்பிரதியில் படித்ததை மின்பிரதி என்றே குறிப்பிடலாம், ஏற்றியவர் பெயர், பார்த்த நாள், சேமித்த முகவரியோடு தரலாம் என்று ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தால், எந்தக் குழுவும் அதை அடிக்க முடியாது. ஆண்டு முன்னேற்றப் படிவத்தில் ஆதாரங்களைச் சரிபார்க்கும் பணிக்கும் ஒரு கட்டம் சேருங்கள். கூடாது என்பதே தங்கள் முடிவானால் அதையும் எழுத்தில் தாருங்கள். எந்த விதியின் எந்தப் பிரிவு தடுக்கிறது என்று குறிப்பிட்டால் நானும் கற்றுக்கொள்வேன்.

திருத்திய அறிக்கையை இத்துடன் மீண்டும் சமர்ப்பிக்கிறேன். தளத்தின் எண்களும் பார்த்த நாள்களும் பழைய இடத்திலேயே இருக்கின்றன, கடைசிப் பக்கம் பற்றிய அடிக்குறிப்பும் இருக்கிறது. அடுத்த குழுக் கூட்டத்துக்கு முன் தங்கள் பதிலை அன்போடு எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மூன்றாம் ஆண்டு முனைவர் பட்ட ஆய்வாளர்