வேர் கேட்டவளுக்கு

லீட்ஸ், இங்கிலாந்து,
அக்டோபர் 12

அன்புள்ள லலிதா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. இவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. அழைத்துப்போய், கூட்டிவந்து, மாடிப்படியை ஒவ்வொன்றாக ஏறவைத்து, அதிலேயே செப்டம்பர் ஓடிவிட்டது. இப்போது தேவலை. கைத்தடியோடு தோட்டத்துக்கு வந்து நான் செய்கிற வேலையில் குற்றம் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டார்.

படத்தில் பார்த்த பூவைப் பற்றிக் கேட்டிருக்கிறாய். டிசம்பரில் வரும்போது ஒரு வேர் கொண்டுவா, கோத்தகிரி குளிருக்கு நன்றாக வரும் என்றும் எழுதியிருக்கிறாய். அதன் பெயர் ஜப்பான் அனிமோன். வேர் கொண்டுவர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே, காரணம் சொல்கிறேன்.

அழகில் குறை சொல்லவே முடியாது. ஆகஸ்ட் கடைசியில் இங்கே தோட்டங்கள் களைத்துப்போகும். மற்ற செடியெல்லாம் ஓய்கிற நேரத்தில்தான் இது தொடங்கும். தரையோடு திராட்சை இலை போலக் கொத்து. அதிலிருந்து நெஞ்சுயரத்துக்குக் கம்பி கம்பியாகத் தண்டு. நுனியில் மொட்டு, மிளகைவிடக் கொஞ்சம் பெரிது, சாம்பல் நிறப் பூனைமயிர் போர்த்தியிருக்கும். விரிந்தால் வெள்ளை. நடுவில் ஒரு பச்சைப் பொத்தான், அதைச் சுற்றி மஞ்சள் வளையம். இதழ் என்று நாம் நினைப்பது இதழே இல்லையாம், மொட்டை மூடிக் காக்கிற புல்லிதானாம். தாவரவியல் வகுப்பில் நீ தூங்காமல் இருந்திருந்தால் உனக்கே தெரிந்திருக்கும். இதில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டுந்தான். அதற்கே வண்டுகள் உடம்பெல்லாம் மஞ்சள் பூசிக்கொண்டு போகின்றன. நம் கருஞ்சீரகமும் இதே குடும்பம் என்று சொன்னால் நம்புவாயா? ஆனால் இதை வாயில் வைத்துவிடாதே, நச்சுச் செடி. கையுறை போடாமல் தண்டு வெட்டியதில் எனக்கு இரண்டு நாள் மணிக்கட்டு அரித்தது.

பெயரில் ஜப்பான் இருக்கிறதே தவிர, சொந்த ஊர் சீனா. ஜப்பானுக்குப் போய்ப் பல நூறு வருஷம் அங்கேயே தோட்டத்துச் செடியாக இருந்துவிட்டதால் ஐரோப்பாவிலிருந்து போனவர்கள் அதை ஜப்பான் பூவாகவே எழுதிவைத்தார்கள். 1840களில் ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் ஷாங்காய் நகர மதிலை ஒட்டிய கல்லறைகளுக்கு நடுவே இது பூத்திருப்பதைப் பார்த்து லண்டனுக்கு அனுப்பினார். யார் இந்த ஃபார்ச்சூன் தெரிகிறதா? பிற்பாடு சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளைக் கிளப்பி இமயமலைப் பக்கம் கொண்டுவந்து சேர்த்த அதே ஆசாமி. லண்டனில் அதை நேபாளத்து அனிமோன் ஒன்றோடு கலந்து புது வகை உண்டாக்கினார்கள். அந்தக் கலப்பின் இளஞ்சிவப்புச் செடி ஒன்று பிரான்சில் 1858இல் தானாகவே ஒரு வெள்ளைக் கிளை விட்டது. அதுதான் என்னிடம் இருக்கும் ஒனோரின் ஜோபேர். தோட்டக்காரர் தன் மகள் பெயரை வைத்துவிட்டாராம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். இந்த வீடு வாங்கியபோது பின்புறச் சுவரோரம் இளஞ்சிவப்பு அனிமோன் ஏற்கெனவே இருந்தது. எனக்கு வெள்ளைதான் வேண்டும். ஒரு தொட்டி வாங்கிவந்து நட்டேன். முதல் வருஷம் நாலு இலை. இரண்டாம் வருஷம் ஆறு இலை. விற்றவன் ஏமாற்றிவிட்டான் என்று இவரிடம் புலம்பினேன். வேர் பிடிக்கும் வரை இந்தச் செடி அப்படித்தான் உம்மென்று இருக்கும், இடம் மாற்றினால் அதற்கு ஆகாது என்று பக்கத்து வீட்டுக் கிழவி சொன்னாள். அரை நிழல், ஈரம் காக்கிற மண், வசந்தத்தில் கொஞ்சம் இலைமக்கு, அப்புறம் அதன் பக்கமே போகாதே என்றாள். மூன்றாம் வருஷம் ஒரே தண்டு, ஆறேழு பூ. நான்காம் வருஷம் எண்ண முடியவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டுப்போய், பழைய இளஞ்சிவப்பைத் தோண்டி எடுத்துவிட்டு முழுக்க வெள்ளையாக்கலாம் என்று இறங்கினேன். மண்வெட்டியால் ஒரு நாள் முழுக்கக் கொத்தினேன். இரண்டு சாக்கு வேர். அடுத்த ஏப்ரலில் பார்த்தால், ஒரு செடி நின்ற இடத்தில் முப்பது! நர்சரிக்காரர்கள் இதைப் பெருக்குவதே அப்படித்தானாம்: குளிர்காலத்தில் வேரை விரல் நீளத்துக்கு நறுக்கி மண்ணில் படுக்கப்போடுவார்கள், ஒவ்வொரு துண்டும் முளைக்கும். நான் அந்த வேலையைத்தான் கூலியில்லாமல் செய்திருக்கிறேன். இப்போது நடைபாதைக் கல்லின் இடுக்கில் முளைக்கிறது. கல்லைப் பெயர்த்துப் பார்த்தேன், அடியில் கறுப்புச் சணல் மாதிரி வேர் ஓடிக்கொண்டே போகிறது. ஐந்து வருஷமாகப் பிடுங்குகிறேன். இந்த வாரமும் துணி உலர்த்தும் கம்பத்தடியில் ஒன்று தலைகாட்டியது. பூத்துக்கொண்டு வேறு நிற்கிறது, பிடுங்க மனசு வரவில்லை.

கோத்தகிரியில் வளராது என்று நான் தடுக்கவில்லை. வளரும் என்றுதான் நினைக்கிறேன், அதுதான் பயம். ஊட்டிப் பக்கம் மஞ்சளாகப் பூக்குமே ஒரு முட்புதர், கோர்ஸ், ஞாபகம் இருக்கிறதா? இங்கே வந்த முதல் வசந்தத்தில் யார்க்‌ஷயர் மேட்டுநிலத்தில் அதைப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ப் பூ!" என்று பஸ்ஸில் கத்திவிட்டேன். இவர் சிரித்துவிட்டார். இந்த ஊர் முள்செடி அது. வெள்ளைக்காரன் ஆசைக்கு அங்கே நட்டது. அதை ஊர்ப் பூ என்று நினைத்து வளர்ந்திருக்கிறேன் பார்! அதேபோல வெளியிலிருந்து வந்த சீகை மரமும் உண்ணிச்செடியும் புல்வெளியை என்ன செய்தன என்று நீதான் எனக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறாய். அந்த வரிசையில் என் சூட்கேஸும் சேர வேண்டாம். அனுமதியும் தாவர நலச் சான்றும் இல்லாமல் வேர் கொண்டுவரவும் கூடாது, அது வேறு.

இன்னொன்று. நீலகிரியிலேயே இயற்கையாக வளரும் ஓர் அனிமோன் இருக்கிறது, யாரும் கொண்டுவந்து நடாதது. உயரமான இடங்களில் ஓடைக்கரையிலும் ஈரப் புல்வெளியிலும் இருக்கும். ரிவுலாரிஸ் என்று அதற்குப் பெயர், ஓடைக்காரி என்று வைத்துக்கொள்ளேன். இமயமலையிலும் இலங்கையிலும்கூட உண்டு. வெள்ளைப் பூ, முதுகில் நீலச் சாயல். பள்ளியில் அவலாஞ்சி கூட்டிப்போனபோது ஓடையில் நீ செருப்பைத் தொலைத்தாயே, அங்கே நான் பறித்து நோட்டில் வைத்தது அதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்த நோட்டு அம்மா வீட்டுப் பரணில் இருந்தது. வீட்டைக் காலி செய்தபோது போயிருக்கும்.

உன் பேரனுக்குக் கால் சும்மா இருக்காதே, அவனை அனுப்பிப் பார்க்கச் சொல். பறிக்க வேண்டாம், முதுகுப்பக்கம் தெரிகிற மாதிரி ஒரு படம் போதும்.

டிசம்பர் 18 கோவையில் இறங்குகிறேன். இவர் நடக்கிற நடையைப் பொறுத்து இரண்டு பேரா, நான் மட்டுமா என்று அடுத்த மாதம் சொல்கிறேன். வர்க்கி வாங்கிவை. போன தடவை நமத்துப்போனதைக் கொடுத்தாய், மறக்கவில்லை.

உன்,
மீனா