எந்தக் கூரையில் பொருத்துவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கடந்த ஞாயிறு இதழில் சூரிய மின்சாரமா, அணு மின்சாரமா என்று ஒரு முழுப்பக்கக் கட்டுரை போட்டிருந்தீர்கள். இரண்டு தரம் படித்தேன். எழுதியவர் விஷயம் தெரிந்தவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் மூன்றாவது பத்தியில் போகிற போக்கில் ஒரு வரி: "மலையக மக்கள் தங்கள் கூரைகளில் சூரியத் தகடுகளைப் பொருத்திக்கொண்டால் மின்தடை பற்றிய கவலையே இல்லை." அந்தத் 'தங்கள்' என்ற சொல் மூன்று நாளாக என்னைத் தூங்கவிடவில்லை.

உங்களுக்குத் தெரியாததா? லயம் என்கிற எங்கள் வரிசை வீட்டின் கூரை தேயிலைத் தோட்டத்தின் சொத்து. ஓட்டை விழுந்த தகரத்தை மாற்றவே தோட்டத்து ஒபீசுக்கு நாலு தரம் நடக்கவேண்டும். நான் முப்பத்திரண்டு வருடம் தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவள். ஓய்வுபெற்ற பிறகும் லயத்தில் அம்மாவின் காம்பராவில்தான் இருக்கிறேன். காற்றுக் காலத்தில் தகரம் பறக்காமலிருக்க எங்கள் கூரையில் இப்போது இருப்பவை ஏழு கருங்கல், இரண்டு மணல் மூட்டை, ஒரு பழைய லொறி டயர். கட்டுரையாளர் ஒருமுறை வந்து, இவற்றில் எதை இறக்கிவிட்டுத் தகட்டை ஏற்றுவது என்று சொன்னால் புண்ணியமாகப் போகும். தேத்தண்ணி தருவோம்.

சரி, சொந்தக் கூரை இருக்கிறவர் கதையைப் பார்ப்போம். ஹட்டனில் என் தம்பி பலசரக்குக் கடை வைத்திருக்கிறான். கடன் வாங்கிக் கூரை நிறையத் தகடு போட்டான். மாசி, பங்குனியில் நன்றாகத்தான் ஓடியது. வைகாசி பிறந்து மூட்டம் இறங்கியதும் மீட்டர் சோர்ந்துபோனது. "முதலாளி, காசைக் கூரையில காயப்போட்டீங்களா?" என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டான். ஒருநாள் நல்ல வெயிலில் ஊருக்கே கரண்ட் போனது; அவன் கடையிலும் போய்விட்டது. வீதிக் கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் அந்த வகை இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுமாம். கம்பியில் ஏறி வேலை செய்கிறவர் உயிருக்காக வைத்த ஏற்பாடு. நியாயம்தான். பட்டரி வைத்தால் தப்பலாம். பட்டரி விலையைக் கேட்டுவிட்டுத் தம்பி கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான். இதெல்லாம் உங்கள் முழுப்பக்கத்தில் எங்கே?

நாங்கள் கரண்டைத் தேடுவது பொழுது சாய்ந்த பிறகு. மலையிலிருந்து இறங்கி, குளித்து, அடுப்பு மூட்டி, பிள்ளையைப் புத்தகத்தோடு உட்கார வைக்கிற நேரம். இலங்கை முழுவதற்கும் உச்சத் தேவை மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரைதான். அந்த நேரத்தில் சூரியன் எங்கே இருக்கிறது என்று சொல்ல விஞ்ஞானி தேவையில்லை. பகலில் என்னவென்றால் தலைகீழ்க் கதை. 2025 சித்திரைப் புத்தாண்டு விடுமுறைக்கு, தேவை குறைவு, கூரைச் சூரிய மின்சாரத்தைப் பிற்பகல் மூன்று மணிவரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை கேட்டது. அதே வருடம் பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை. தேவை குறைவாம், சூரிய மின்சாரம் கூடுதலாம், அதிர்ச்சியைத் தாங்க மின்நிலையங்களின் பெரிய இயந்திரங்கள் போதிய அளவு சுழலவில்லையாம். குரங்குக்கு இவ்வளவு விளக்கம் கிடைத்தது. எங்கள் லயத்துக்கு இதுவரை ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

அணுமின்சாரம் இரவு பகல் பாராமல் ஓடும் என்கிறார் கட்டுரையாளர். ஓடும், மறுக்கவில்லை. கூடங்குளத்தைப் பார் என்றும் சொல்கிறார். பார்த்தேன். இந்தியாவும் சோவியத் ஒன்றியமும் கையெழுத்துப் போட்டது 1988இல். அங்கிருந்து முதல் மின்சாரம் வந்தது 2013இல். கையெழுத்துப் போட்டபோது என் மூத்தவனுக்கு இரண்டு வயது. மின்சாரம் வந்தபோது அவனுக்குத் தலையில் பாதி முடி இல்லை. அங்கே ஒரு உலை 1000 மெகாவாட். நம் நாட்டின் இரவு உச்சத் தேவையே 3000ஐ ஒட்டித்தான். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாட் யூனிட் ஒன்று நின்றாலே நாம் மெழுகுவர்த்தி தேடுகிறோம். 1000 ஒரே நொடியில் நின்றால்? சின்ன உலை வரும் என்பார்கள். வரட்டும். வந்தாலும் அந்தக் கரண்ட் எங்கள் சவுக்கு மரத்தைத் தாண்டித்தானே வரவேண்டும்!

அந்த மரத்தைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். போன ஆடி மாதம் ஒரு கிளை முறிந்து கம்பியில் விழுந்தது. நீலப்பொறி பறந்தது. தோட்டத்தில் எங்கள் டிவிஷன் முழுவதும் இருட்டு. சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னேன். ஊர்ப்பெயரைக் கேட்டதும் "மொன வத்தத?" என்றார்கள், எந்தத் தோட்டம் என்று. சொன்னேன். "வருவார்கள்" என்று பதில். நாலு நாள். அம்மாவின் இன்சுலினை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து, மண்பானையைப் பீலித் தண்ணீரில் நனைத்து அதற்குள் வைத்தேன். பக்கத்துக் காம்பராப் பிள்ளை குப்பி லாம்பில் கணக்குப் போட்டு, கொப்பியில் மண்ணெண்ணெய் ஊற்றிக்கொண்டது. ஐந்தாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள். கத்தியால் கிளையை வெட்டினார்கள், கம்பியை இழுத்துக் கட்டினார்கள். பத்து நிமிடம். பாவம், நல்ல பிள்ளைகள், தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்கள். அந்த நாலு நாளும் நாட்டில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. 2022இல் பதின்மூன்று மணிநேரம் வெட்டினார்களே, அது வேறு; அன்று எல்லோருக்கும் ஒரே இருட்டு. எங்கள் இருட்டு கடைசி அரை மைல் கம்பியில் இருக்கிறது. அதற்குச் சூரியனும் வேண்டாம், அணுவும் வேண்டாம், ஒரு கத்தி போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபிக்க வேண்டாம். கட்டுரை முழுவதிலும் 'மின்சாரம் எட்டாத மலையகம்' என்று எழுதியிருக்கிறார். லக்சபான நீர்மின்நிலையம் 1950இலிருந்து ஓடுகிறது. காசல்ரீ, மவுசாக்கலை, கெனியன், பொல்பிட்டிய, மேல் கொத்மலை என்று அணைகளும் மின்நிலையங்களும் எல்லாம் எங்கள் மழையில் ஓடுபவை. பழைய மஸ்கெலியா டவுன் மவுசாக்கலைத் தண்ணீருக்குள் கிடக்கிறது. வரட்சியில் தண்ணீர் இறங்கினால் பழைய கோயில் வெளியே தெரியும். அம்மா அந்தக் கோயில் திருவிழாவைப் பார்த்தவர். அங்கிருந்து கொழும்புப் பக்கம் போகிற பெரிய கம்பிகள் எங்கள் கொழுந்து மலைக்கு மேலால்தான் இரைந்துகொண்டு போகின்றன. எட்டவில்லையாம்!

நான் உங்களிடம் கேட்பது சின்ன விஷயம்தான். திருத்த வேலைக்காகக் கரண்ட் நிறுத்துகிற நாட்களை, தோட்டத்துப் பெயரோடு, தமிழில், முந்தின நாளே உங்கள் பத்திரிகையில் போடமுடியுமா? இராசிபலனுக்கு அரைப்பக்கம் கொடுக்கிறீர்கள், எங்களுக்கு இரண்டு அங்குலம் போதும். அப்புறம், இந்தக் கடிதத்தை வெட்டிச் சுருக்கினாலும் மரத்தைப் பற்றிய பகுதியை மட்டும் வெட்டாமல் போடுங்கள். வெட்டிய கிளை மறுபடி தழைத்துவிட்டது. இன்று காலை பார்த்தேன், கம்பிக்கும் அதற்கும் ஒரு முழம்தான் இடைவெளி. இன்னும் இரண்டு வாரத்தில் காற்று கிளம்பிவிடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மஸ்கெலியா.