சென்சார் வாங்குவதற்கு முன்னால்

அம்மிணிக்கு,

நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். சிக்னலில் நிற்கும்போது காரின் ஐடிலிங் ஏறி இறங்குகிறது, கிளம்பும்போது ஒரு திணறு திணறிவிட்டுத்தான் வண்டி எடுக்கிறது, செக் என்ஜின் விளக்கு வேறு எரிகிறது. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி, பி 0122 என்று எரர் கோடு வருகிறது, த்ராட்டில் பொசிஷன் சென்சார் போச்சு, மாற்றிவிடலாம் என்றார்களாம். இரண்டு நாள் பொறு.

அந்தக் கோடு சென்சார் செத்துவிட்டது என்று சொல்லவில்லை. த்ராட்டில், அதாவது என்ஜினுக்குள் காற்றை விடுகிற தகடு, எவ்வளவு திறந்திருக்கிறது என்று சென்சார் அனுப்பும் சிக்னல் இருக்க வேண்டியதைவிடக் குறைவாக வருகிறது, அவ்வளவுதான் சொல்கிறது. சென்சாருக்கு 5 வோல்ட் போய்ச் சேராவிட்டாலும் அதே கோடுதான் வரும். சிக்னல் வயர் எங்காவது அறுந்திருந்தாலும், தோல் உரிந்து பாடியில் பட்டுக்கொண்டிருந்தாலும், வயரை சென்சாரோடு சேர்க்கிற பிளாஸ்டிக் கப்ளருக்குள் இருக்கிற பின் பச்சை பிடித்திருந்தாலும் அதேதான். மங்களூர் மழையையும் கடல் காற்றையும் நினைத்தால் எனக்கு அந்தக் கப்ளர் மேல்தான் முதல் சந்தேகம். அப்படி இருந்து நீ புது சென்சார் போட்டால் காசு போகும், விளக்கு திரும்ப எரியும்.

சென்சாருக்குள் பெரிய வித்தை எதுவும் இல்லை. தாத்தா ரேடியோவில் வால்யூம் திருகுவாயே, அதற்குள் இருப்பதுதான் இதற்குள்ளும். ஒரு கார்பன் பட்டை, அதன் மேல் தேய்ந்து நகர்கிற ஒரு சின்னக் கை. நீ ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கேபிள் இழுத்து த்ராட்டில் தகடு திறக்கிறது. தகட்டின் தண்டோடு அந்தக் கையும் திரும்புகிறது. வயர் மூன்று: 5 வோல்ட், எர்த், சிக்னல். தகடு மூடியிருக்கும்போது சிக்னலில் ஏறக்குறைய அரை வோல்ட் இருக்கும், முழுக்கத் திறந்தால் நாலு, நாலரை வரை போகும். வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். என்ஜினை நடத்துகிற கம்ப்யூட்டரான இசியூ இதைப் பார்த்துத்தான் நீ எவ்வளவு மிதிக்கிறாய் என்று தெரிந்துகொண்டு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது.

நான் கொடுத்த மஞ்சள் மீட்டர் இருக்கிறதல்லவா? மாப்பிள்ளை ரிமோட் பேட்டரி பார்க்க எங்கேயாவது எடுத்து வைத்திருப்பார், கேட்டு வாங்கிக்கொள். சிவப்பு வயர் வோல்ட் குழியில் இருக்க வேண்டும். 10 ஆம்பியர் குழியில் குத்தியபடி எதிலும் வைத்துவிடாதே, அது நேரடி ஷார்ட். டிசி 20 வோல்ட்டில் வைத்து முதலில் கார் பேட்டரியைப் பார். வண்டி கொஞ்ச நேரம் நின்றிருந்தால் 12.5 பக்கம் காட்ட வேண்டும். காட்டினால் மீட்டரை நம்பலாம்.

இனி கப்ளரைக் கழற்று. பூட்டை அமுக்கி இழுக்க வேண்டும், வயரைப் பிடித்து இழுக்காதே. கழற்றியதும் வெளிச்சத்தில் காட்டி உள்ளே பார். பச்சைப் பொடி, ஈரம், உள்ளே அமுங்கிப் போன ஒரு பின், இதில் ஒன்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. அப்புறம் சாவியை ஆன் செய், என்ஜினை ஸ்டார்ட் செய்யாதே. கறுப்பு முனையை பேட்டரி மைனஸில் வைத்து, வயர் பக்கத்துக் கப்ளரில் ஒவ்வொரு பின்னாகத் தொட்டுப் பார். ஒன்றில் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். எதிலும் வராவிட்டால் குற்றம் சென்சாரில் இல்லை. பல வண்டிகளில் அந்த 5 வோல்ட், என்ஜினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தைப் பார்க்கிற மேப் சென்சாருக்கும் சேர்த்துத்தான் போகிறது. அது ஷார்ட் ஆனால் இதையும் சேர்த்து இழுத்துவிடும். மேப் சென்சார் கப்ளரைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வந்தால் திருடன் கிடைத்துவிட்டான். எர்த்தை சாவி ஆஃபில், ஓம்ஸில் வைத்துப் பார். அந்தப் பின்னுக்கும் பேட்டரி மைனஸுக்கும் நடுவில் ஓரிரண்டு ஓம்ஸுக்கு மேல் இருக்கக் கூடாது. கரண்ட் இருக்கும்போது ஓம்ஸில் வைக்காதே. டெஸ்ட் லாம்ப் வேண்டவே வேண்டாம், அது இழுக்கிற கரண்டை இசியூ தாங்காது.

இரண்டும் சரி என்றால் கப்ளரை மாட்டிவிட்டு, சிக்னல் வயரின் பின்பக்க ரப்பரோடு ஒட்டி ஒரு குண்டூசியை நுழை, உள்ளே பின்னைத் தொடும் வரை. வயரின் தோலைக் குத்தாதே. அந்த ஓட்டை வழியாக அடுத்த மழைக்கே தண்ணீர் இறங்கும். குண்டூசியில் சிவப்பு, மைனஸில் கறுப்பு, சாவி ஆன். இப்போது த்ராட்டிலைக் கையால் மெல்லத் திற. எவ்வளவு மெல்ல என்றால், உனக்கே அலுத்துப்போகிற அளவுக்கு. எண் ஒரே சீராக ஏற வேண்டும், விடும்போது அதே போல இறங்க வேண்டும். நடுவில் 0.9, 1.0 என்று வந்துகொண்டிருந்தது சட்டென்று 0.2க்கு விழுந்து மறுபடி எழுந்தால் அந்த இடத்தில் பட்டை தேய்ந்துவிட்டது. தேய்வது பெரும்பாலும் மூடிய நிலைக்குக் கொஞ்சம் மேலேதான், ஊருக்குள் ஓட்டுகிற கால் அங்கேயேதான் இருக்கும். கிளம்பும்போது திணறுவதற்கும் அது பொருந்துகிறது. டிஜிட்டல் மீட்டர் ஒரு நொடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும், சின்ன வீழ்ச்சியைத் தவற விட்டுவிடும். அதனால் திரும்பத் திரும்பச் செய். அந்தக் கால முள் மீட்டர் இந்த ஒரு வேலைக்கு இன்னும் ராஜாதான். முள் துடிப்பது கண்ணுக்குத் தப்பாது. அப்படியே ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் சென்சாரை லேசாகத் தட்டு, வயரை ஆட்டிப் பார். ஆட்டும்போது எண் குதித்தால் கப்ளர் அல்லது வயர்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் ஐடிலிங் மட்டும் ஆடினால் த்ராட்டில் பாடியில் கரி, இல்லை ஐடில் வால்வு. அது வேறு கதை, அப்புறம் பேசுவோம்.

மாப்பிள்ளையின் புது வண்டியில் மட்டும் இதைச் செய்து பார்க்க வேண்டாம். அதில் கேபிள் கிடையாது, மோட்டார்தான் தகட்டைத் திறக்கிறது. சாவி ஆனில் விரலை உள்ளே விட்டால் நசுக்கிவிடும். சிக்னலும் அதில் இரண்டு இருக்கும்.

அம்மா பருப்புப்பொடி பார்சல் அனுப்பியிருக்கிறாள், வந்ததும் சொல். எனக்கு நாலு எண் வேண்டும்: கப்ளரில் வந்த வோல்ட், எர்த்தின் ஓம்ஸ், மூடிய நிலையில் சிக்னல், முழுக்கத் திறந்தால் சிக்னல். நடுவில் எங்காவது விழுந்தால் எந்த எண்ணில் விழுந்தது என்பதையும் குறித்துக்கொள். ஞாயிற்றுக்கிழமை பகல் வெளிச்சத்தில் பார்த்து அனுப்பு. பார்ட்ஸ் வாங்க வேண்டுமா என்று அன்று சாயங்காலம் சொல்கிறேன்.

அப்பா